குத்துக்கு முன்னால் ஒரு மூச்சு

கேரம் காய் பாக்கெட்டில் விழுந்தால் ஒரு சத்தம், கட்டையில் இடித்துத் திரும்பினால் வேறொரு சத்தம். தண்டையார்பேட்டையில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் கண் போன ஒருவன் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் மட்டும், அவனுக்குக் காதும் சேர்ந்தே போய்விட்டது என்று இந்த ஊர் ஏன் நினைத்துக்கொள்கிறதோ, அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது.

அன்றைக்குக் கேரம் மன்றத்தில் ஃபர்ஹான் அடித்த கறுப்புக் காய் கட்டையில் இடித்து, போர்டின் நடுவுக்கே திரும்பி ஓடியது. அவன் காதால் கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த ரஞ்சித், "விழுந்துச்சு மச்சி. இன்னா ஷாட்டு, சான்ஸே இல்ல" என்றான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே யாரோ காயை எடுத்து மெதுவாகப் பாக்கெட்டுக்குள் விடுகிற சத்தமும் ஃபர்ஹானுக்குத் தெளிவாகக் கேட்டது. "வூட்ல வேல கீது" என்று எழுந்து, கம்பைத் தட்டிக்கொண்டு நடந்தான்.

"பாத்து மச்சி, அங்க படி கீது" என்றான் ரஞ்சித் பின்னாலிருந்து. பத்து வயதிலிருந்து ஏறி இறங்குகிற படி அது.

ஃபர்ஹானுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டியவன். ரீச் ஸ்டேக்கர் என்றால் நீளக் கையை நீட்டிக் கன்டெய்னரைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி. அவன் அடுக்கினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறி, முதலில் ஓரப் பார்வை போயிற்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவும் போயிற்று. மூன்று வருஷமாக முழு இருட்டு. இப்போது ஒரு டிரெய்லர் புக்கிங் ஆபீசில் போன் எடுக்கிறான். எந்த டிரைவர் எங்கே நிற்கிறான், எவன் பொய் சொல்கிறான் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவான். பிழைப்புக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. கண் போன நாளிலிருந்து அவன் எதிலும் தோற்கவே இல்லை. கேரமில் தோற்கவில்லை, சீட்டாட்டத்தில் தோற்கவில்லை, வாய்ச்சண்டையில்கூட எதிராளி பாதியிலேயே, "சரி நைனா, நீ சொல்றதும் கரெக்ட்டு தான்" என்று ஒதுங்கிவிடுவான். இதைவிட ஒரு மனுஷனை உயிரோடு புதைக்க வேறு வழி வேண்டுமா? அதிலும் ரஞ்சித் இருக்கிறானே, காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மேய்கிறவன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, அவன்தான் எல்லாரையும்விட மோசம். முன்னெல்லாம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவன், இப்போது ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிறவன் மாதிரி சர்க்கரையாகப் பேசுகிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி உஸ்மா கேட்டாள், "இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஜெயிச்சுட்டேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி கீது?"

"ஜெயிக்கல. ஜெயிச்சேன்னு சொன்னானுங்க."

உஸ்மா அவனைத் தேற்ற வரவில்லை. அவளிடம் அவனுக்குப் பிடித்ததே அதுதான். ஒப்புக்குச் சொல்லுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. அவன் ஆசையாக எடுத்து மாட்டுகிற சட்டையை, "இது உங்களுக்கு நல்லாவே இல்ல, கலீஜா கீது" என்று கழற்றச் சொல்லுகிற ஒரே ஆள் உலகத்தில் அவள்தான். ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பாள்.

"ஏம்மே, பரண் மேல என் கம்ப்யூட்டர் கீதா, கடாசிட்டியா?" என்றான் ஃபர்ஹான்.

"கீது. மேல நோம்புக் கஞ்சி டேக்சாவ கவுத்து வெச்சிருக்கேன். இன்னாத்துக்கு?"

இன்னாத்துக்கு என்பதைச் சொல்ல அவன் இருபத்தெட்டு வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது. கல்மண்டபம் பக்கத்தில் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பாடம் படிக்கத்தான் சேர்த்துவிட்டார்கள். பையன்கள் படித்தது வேறு. ஒரு குத்துச்சண்டை விளையாட்டு, சிடியில் வந்தது. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். இந்தப் பக்கம் ஃபர்ஹான், அந்தப் பக்கம் ரஞ்சித். வடசென்னையில் பாக்சிங் என்று சொன்னால் போதாதா, சென்டர் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். பெரும்பாலும் ரஞ்சித்தான் ஜெயிப்பான். ஆனால் கம்ப்யூட்டரில் எந்த விளையாட்டு ஓடாவிட்டாலும், சத்தம் வராவிட்டாலும், செட்டிங்கைச் சரிபண்ண ஃபர்ஹானைத்தான் கூப்பிடுவார்கள். சென்டரை மூடியபோது அதில் ஒரு மெஷினை, அந்தச் சிடியோடு, அவனே வாங்கிக்கொண்டான்.

அந்த விளையாட்டில் ஒரு சங்கதி உண்டு. எதிராளி குத்துவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் ஒரு மூச்சு விடுவான். நேர்க்குத்துக்கு 'ஹுஸ்' என்று ஒரு சின்ன மூச்சு. பக்கவாட்டில் சுழற்றிக் குத்துவதற்கு முன்னால் ஷூ தரையில் தேய்கிற சத்தம். கீழிருந்து தாடைக்கு ஏற்றுகிற குத்துக்கு ஒரு உறுமல். இடது கை என்றால் இடது ஸ்பீக்கரில் வரும், வலது கை என்றால் வலது ஸ்பீக்கரில். விழுந்தால் ரெஃப்ரி ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் எண்ணுவார். ஜெயித்தவன் எந்தப் பக்கம் என்று கடைசியில் குரலே சொல்லும். காய் விழுந்ததா இல்லையா என்று எவன் வாயையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவனுக்கு வேண்டியது அதுதான். ஒரே ஒரு மேட்ச், யாரும் பரிதாபப்பட்டுத் திருத்த முடியாத மேட்ச். அதில் நேர்மையாகத் தோற்றாலும் சரி.

உடனே ரஞ்சித்துக்குப் போன் போட்டான். "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. பாக்சிங் ஆடலாம். நம்ம பழைய பாக்சிங்."

"அது இன்னுமா கீது?" ரஞ்சித் சிரித்தான். பிறகு குரல் பாகாய் உருகியது. "வரேன் மச்சி. நீ தான் ஜெயிப்ப பாரு."

ஃபர்ஹான் போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தான்.

மகள் லுப்னா காலேஜில் படிக்கிறவள். "இதுக்குப் போய் பரண் ஏறணுமா வாப்பா? என் லேப்டாப்லயே ஓட வெச்சிடலாம்" என்று அரை மணியில் ஓட்டியும் காட்டினாள். ஓடியது. ஆனால் மூச்சுச் சத்தம் குத்து விழுந்ததற்கு அப்புறம் வந்தது. கண் இருக்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஃபர்ஹானுக்கோ அடி விழுந்த பிறகு 'அடி வருகிறது' என்று சொல்லுகிற கூட்டாளி மாதிரி. தலைகீழாக நின்று பார்த்தும் அந்தத் தாமதம் போகவில்லை. பழைய மெஷின்தான் என்று முடிவாயிற்று.

டேக்சா இறங்கியது, கம்ப்யூட்டர் இறங்கியது, கூடவே கரப்பான் குடும்பம் ஒன்றும் இறங்கியது. உஸ்மா துடைப்பத்தோடு ஒரு ரவுண்டு வந்தாள். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. வாட்ச் கடையில் வாங்கிய புதுசைப் போட்டதும் மெஷின் 'பீப்' என்று ஒரு குரல் கொடுத்தது. அந்த ஒரு பீப்பில் ஃபர்ஹான் நெஞ்சு கொள்ளாமல் சிரித்தான். இத்தனை வருஷம் உப்புக்காற்றில் கிடந்து ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறதே, மாஷா அல்லா என்று மெஷினின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

விளையாட்டைப் போட்டார்கள். சத்தமே இல்லை.

"ஆளுங்க குதிக்கிறானுங்க, வாயத் தொறக்கறானுங்க. ஊமப் படமா கீதுங்க" என்றாள் உஸ்மா.

ஃபர்ஹான் மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றி, சவுண்டு கார்டைப் பிடுங்கினான். விரல் நுனியால் அதன் பல்வரிசையைத் தடவினான். சொரசொரவென்று இருந்தது. தண்டையார்பேட்டைக் கடல்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், செம்பை விடுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரை வாங்கித் தேய் தேய் என்று தேய்த்தான். விரலுக்கு வழுவழுவென்று ஆகும்வரை விடவில்லை. திரும்பச் செருகினான். அப்போதும் சத்தம் இல்லை.

"கிணறு வெட்ட பூதம் கெளம்பின கதையா கீது" என்றாள் உஸ்மா.

"இரு, இரு. செட்டப்ல போ. சவுண்டு கார்டுன்னு ஒண்ணு கீதா? அதுல நம்பர் இன்னா போட்டுகீது?"

"அஞ்சுன்னு கீது."

ஃபர்ஹான் யோசித்தான். மெஷினுக்குள்ளே ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காலிங் பெல் நம்பர் உண்டு. சவுண்டு கார்டு தன் பெல்லை அடித்தால்தான் மெஷின் அதைக் கவனிக்கும். விளையாட்டு ஐந்தாம் நம்பர் பெல்லுக்காகக் காத்திருக்கிறது. கார்டு வேறு பெல்லை அடித்துக்கொண்டிருந்தால்? மறுபடியும் கார்டைப் பிடுங்கினான். அதன் மேல் குட்டி குட்டி முள் வரிசை, அதில் இரண்டு முள்ளைச் சேர்த்து மாட்டுகிற ஒரு சின்னத் தொப்பி. ஜம்பர் என்பார்கள். சுண்டுவிரல் நகத்தால் எண்ணிப் பார்த்தான். ஏழாம் நம்பரில் உட்கார்ந்திருந்தது. ஏழு பிரிண்டரின் பெல். பிரிண்டர் இல்லாத ஏதோ ஒரு காலத்தில் அவனே மாற்றி வைத்ததாகத்தான் இருக்கும்.

"எதுனா எழுதிகீதான்னு பாக்கட்டுமா?" என்று குனிந்தாள் உஸ்மா.

"வேணாம், கெடச்சிட்டான்." தொப்பியைப் பிடுங்கி ஐந்தில் மாட்டினான்.

இந்தத் தடவை விளையாட்டைப் போட்டதும் இரண்டு ஸ்பீக்கரிலும் டிரம்ஸும் டிரம்பெட்டுமாக இசை கிளம்பியது. பக்கத்து வீட்டில் யாரோ, "கல்யாணமா?" என்று கேட்டார்கள். ஃபர்ஹான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அறை நடுவில் நின்றான். உஸ்மாவும் சிரித்துவிட்டாள்.

சாண் ஏறினால் முழம் சறுக்காவிட்டால் அது கம்ப்யூட்டரே இல்லை. மேட்ச் ஆரம்பித்தது. இசை வந்தது. மணி வரவில்லை, மூச்சு வரவில்லை, ரெஃப்ரி வரவில்லை.

"மொதல்ல ஒரு வரி வந்துட்டுப் போச்சுங்க" என்றாள் உஸ்மா. விளையாட்டை விட்டு வெளியே வந்து, மறுபடி போட்டு, அந்த வரியை நிறுத்திப் படித்தாள். "மெமரி போதாது, குரல் சத்தங்கள் இல்லாமல் தொடர்கிறேன்னு கீது இங்கிலீஷ்ல."

"பாத்தியா, அதுவும் டபாய்க்குது. குரல வுட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாரி ஆடிகினு கீது."

விஷயம் இதுதான். மெஷினில் மெமரி நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு அடித்தளம் என்று ஒரு சின்ன இடம்தான், அதில்தான் ஓடும். அதே அடித்தளத்தில்தான் சவுண்டு கார்டை ஓட்டுகிற புரோகிராமும், சிடியை ஓட்டுகிற புரோகிராமும் வந்து பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். மீந்த இடம்தான் விளையாட்டுக்கு. படுத்திருக்கிறவர்களை எழுப்பி மாடிக்கு அனுப்பினால் கீழே இடம் கிடைக்கும். மாடியும் ஒண்டுக்குடித்தன மாடிதான், பெரிசில்லை.

உஸ்மா எண்ணைப் படித்தாள். மீந்த இடம் ஐந்நூற்று எழுபத்திரண்டு. சிடிப் பெட்டியின் உள்ளட்டையில் விளையாட்டு கேட்பது அறுநூறு என்று அச்சடித்திருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் இதே வேலை. ஃபர்ஹான் சொல்லுவான், உஸ்மா அடிப்பாள், மெஷின் திரும்பக் கிளம்பும், அவள் எண்ணைப் படிப்பாள். மவுஸை எடுத்தாகிவிட்டது. பிரிண்டரை எடுத்தாகிவிட்டது. வேண்டாதது எல்லாம் போய் நான்கே நான்கு மிஞ்சின. சவுண்டுக்கு மூன்று சின்ன புரோகிராம், சிடிக்கு ஒரு பெரிசு. நான்கும் வேண்டும். குரல்கள் சிடியில்தான் இருக்கின்றன, அதை எடுக்க முடியாது. நான்கையும் மாடிக்குப் போகச் சொல்லி எழுதினார்கள். சின்னது மூன்றும் சமர்த்தாகப் போயின. பெரிசு மட்டும் போகாமல் கீழேயே படுத்துக்கொண்டது.

"மாடில எடம் இல்லையா?" என்றாள் உஸ்மா.

"கீதே. அது சைஸுக்கு மேலயே கீது. ஏன் போமாட்டேங்குது?"

வெள்ளிக்கிழமையும் போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ஃபர்ஹானுக்கு வெறுத்துவிட்டது. நாளைக்கு ரஞ்சித் வருவான். குரல் இல்லாத விளையாட்டில் உட்கார்ந்து, "நீ தான் மச்சி ஜெயிச்ச" என்று சொல்லிவிட்டு, பிரியாணி தின்றுவிட்டுப் போவான். அதைக் கேட்பதைவிடக் கடலில் இறங்கிவிடலாம் என்று ஃபர்ஹானுக்குத் தோன்றியது. "வேணாம், போன் போட்டு வராதன்னு சொல்லிடு" என்றான்.

"நீங்க கூப்ட்டீங்க, நீங்களே சொல்லுங்க. நா சொல்ல மாட்டேன்" என்றாள் உஸ்மா.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே ஹாரன் சத்தம். தெருக்கோடியில் ஒரு கோடவுன் இருக்கிறது. அதற்குள் ரிவர்ஸில் நுழைய ஒரு டிரெய்லர் தெருவை அடைத்துக்கொண்டு திணறியது. உஸ்மா ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தாள். "இவனுங்களோட ஒரே பேஜாரு. உள்ள இந்த வண்டி நிக்க எடம் தாராளமா கீது. ஆனா திரும்பி நொழயறதுக்குள்ள தெருவையே முழுங்குது. முன்னாடியே ரெண்டு குட்டி யான வண்டிய உள்ள வுட்டுட்டானுங்க. அது குறுக்க நிக்க சொல்லோ இது எப்டி திரும்பும்?"

ஃபர்ஹான் நிமிர்ந்தான். யார்டில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாதா? நாற்பதடி வண்டி நிற்கிறபோது கேட்கிற இடம் கொஞ்சம், திரும்புகிறபோது கேட்கிற இடம் மூன்று மடங்கு. ஆகையால் யார்டு காலியாக இருக்கும்போதே அதை முதலில் உள்ளே விட வேண்டும். சின்ன வண்டி எந்த இடுக்கிலும் அப்புறம் புகுந்துகொள்ளும். புரோகிராமும் அதே ஜாதிதான். ஏறி உட்காரும்போது காலைக் கையைப் பரப்பும், உட்கார்ந்த பிறகு சுருங்கிக்கொள்ளும்.

தெரிந்தும் அவன் ஏன் சின்னதை முன்னால் எழுதினான் தெரியுமா? யார்டு வாசல் கேட்டின் வழக்கம். ரோட்டில் வரிசை அடைக்காமல் இருக்க, கேட்டில் எப்போதும் சின்ன வண்டிக்குத்தான் முதலில் கொடி காட்டுவார்கள். மூன்று வருஷமாகப் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து, "சின்னத மொதல்ல அனுப்பு, பெருச அப்பால வுடு" என்று போனில் கத்திக்கத்தி அது நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"உஸ்மா, வா இங்க. கேட்டு சட்டத்த யார்டுக்குள்ள கொண்ணாந்துட்டேன். அந்த சிடி வரிய அப்டியே தூக்கி மேல போடு. சின்னதுங்க மூணும் அதுக்குக் கீழ."

"அதே வரி தான? எழுத்து ஒண்ணும் மாத்த வேணாமா?"

"ஒரு எழுத்தும் வேணாம். வரிசய மட்டும் மாத்து."

அவள் விரல்கள் தடதடவென்று ஓடின. மெஷின் அணைந்து கிளம்பியது. உஸ்மா எண்ணைப் படித்தாள். படித்துவிட்டு, கண்ணை நம்பாமல் மறுபடியும் படித்தாள். "அறுநூத்திப் பதினொண்ணுங்க."

"போடு."

இசை வந்தது, நின்றது. டங் என்று மணி அடித்தது. இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து, யாரோ பக்கத்திலேயே நின்று விடுகிற மாதிரி, 'ஹுஸ்' என்று ஒரு மூச்சு வந்தது.

ஃபர்ஹான் அழுதான். மறைக்கவும் இல்லை. உஸ்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழுதுகினே நில்லுங்க, அவன் உங்கள நாலு குத்து குத்திட்டான்" என்றாள்.

அன்று சாயங்காலம் முழுக்க மெஷினோடு சண்டை. முதலில் செம அடி வாங்கினான். நேர்க்குத்து எது, சுழற்றுக்குத்து எது என்று காதுக்கு நிதானம் வர வர, நான்கில் ஒன்றைத் தடுத்தான், அப்புறம் இரண்டில் ஒன்றை. காபி ஆறிப்போயிற்று. லுப்னா ஒரு மேட்ச் ஆடிப் பார்த்து, தோற்று, "வாப்பா, நீங்க ரொம்ப ஓவர்" என்று எழுந்து போனாள். அவள் விட்டுக்கொடுத்தாளோ என்று ஒரு சந்தேகம் அவனுக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. மகள் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசர் தொழுது முடித்து ஃபர்ஹான் வீடு திரும்பும்போது ரஞ்சித் வந்து உட்கார்ந்திருந்தான். டீசல் வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்து அடித்தது.

"மெய்யாலுமே ஓடுதே மச்சி" என்றான் ரஞ்சித், ஸ்க்ரீனைப் பார்த்து.

"மூணு மேட்ச்சு. உஸ்மா சாட்சி. அவ வாயே தொறக்க மாட்டா. நீயும் ஒண்ணும் சொல்லாத. யார் விழுந்தான்னு அதுவே சொல்லும்."

மணி அடித்தது. ஃபர்ஹான் கைகள் தயாராக நின்றன. இடது பக்கம் மூச்சில்லை. வலது பக்கம் மூச்சில்லை. ஒரு நேர்க்குத்து விட்டான், விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. மூன்றாவது குத்துக்கு ரெஃப்ரி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"அய்யோ, இன்னா அடி மச்சி" என்றான் ரஞ்சித்.

ஃபர்ஹான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "நீ ஒரு குத்து வுடல. கையக் கட்டிகினு நின்ன."

"வுட்டேன் மச்சி. உனுக்கு தெரியல."

"எனுக்கு கேக்கும்டா. நீ குத்தறதுக்கு முன்னாடி மூச்சு வரும், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒண்ணும் வரல. கேரம்ல காய எடுத்து உள்ள போட்டீங்களே, அதுவும் கேட்டுச்சு. மூணு வருசமா கேட்டுகினு தான் கீறேன்."

"நீ வெசனப்படக் கூடாதுன்னு தான்டா" என்றான் ரஞ்சித்.

"நீ இப்டி பண்றது தான்டா எனுக்கு வெசனம். ஆடத் தெரியலன்னா சொல்லு, உஸ்மாவ ஒக்கார வெச்சிக்கறேன்."

"யாருக்குடா ஆடத் தெரியாது?" ரஞ்சித் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். இரும்புக் கால் தரையில் கிறீச்சிட்டது.

இரண்டாவது மேட்ச்சில் மணி அடித்த கையோடு மூச்சுக் காற்று சூறாவளியாக வந்தது. 'ஹுஸ், ஹுஸ்', தேய்ப்பு, உறுமல், இடது, வலது. ரஞ்சித் ரஞ்சித்தாக ஆடினான். ஃபர்ஹான் இரண்டைத் தடுத்தான், மூன்றாவது காதில் விழுவதற்குள் நான்காவது தாடையில் விழுந்தது. ரெஃப்ரி பத்து எண்ணி முடித்தார். வலது பக்கத்தவன் ஜெயித்தான் என்று குரல் அறிவித்தது.

ஃபர்ஹானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோற்றுவிட்டான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், மண்ணைக் கவ்வியிருக்கிறான். பிரியாணி தின்ற வயிறு போல மனசு நிறைந்துவிட்டது. இதோடு எழுந்தாலும் அவனுக்குப் போதும்.

"மூணாவது" என்றான் ரஞ்சித், விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே. அவனுக்குப் போதவில்லை.

அந்த அவசரத்தில்தான் ரஞ்சித் மாட்டினான். ஜெயிக்கிற வெறி வந்துவிட்டால் அவன் கைக்கு ஒரே ஒரு பாட்டுத்தான். இரண்டு நேர்க்குத்து, பிறகு இடது கையால் ஒரு சுழற்று. இரண்டாவது மேட்ச்சிலும் அப்படித்தான் அடித்தான். கண்ணால் பார்த்திருந்தால் அந்தக் கலவரத்தில் ஃபர்ஹானுக்கு அது பிடிபட்டிருக்காது. காதுக்குத் தாளம் மாதிரி பிடிபட்டது. 'ஹுஸ், ஹுஸ்.' ஃபர்ஹான் இரண்டையும் மேலே வாங்கிக்கொண்டு குனிந்தான். இடது ஸ்பீக்கரில் ஷூ தேய்ந்தது. அந்தச் சுழற்று தலைக்கு மேலே காற்றில் போயிற்று, ஃபர்ஹான் கீழிருந்து தாடைக்கு ஏற்றினான்.

பொத்தென்று விழுந்த சத்தம். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். விழுந்த ஆளை எழுப்ப ரஞ்சித் கீக்களை மாற்றி மாற்றித் தட்டுகிற சத்தம் கீபோர்டையே உடைத்துவிடும் போலிருந்தது. நான்கு, ஐந்து. உஸ்மா துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டாள். எட்டு, ஒன்பது. பத்து. இடது பக்கத்தவன் ஜெயித்தான் என்று குரல் அறிவித்ததும் மணி மூன்று முறை அடித்தது.

ரஞ்சித் நாற்காலியை எட்டி உதைத்து எழுந்தான். "அது எப்டிடா குனிஞ்ச? கரெக்ட்டா குனியற? கண்ணு தெரியாத மாரி நடிச்சிகினு கீறியாடா, பேமானி?"

உஸ்மா திடுக்கிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். ஃபர்ஹான் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்காத, நவுரு. இந்த ஸ்பீக்கர் சைடுல நா ஒக்காந்துக்கறேன்" என்று ரஞ்சித் அவன் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். "இன்னொரு மேட்ச்சு போடு."